பஜார் விளக்கை வாப்பா அணைத்த கதை

கும்மிடிப்பூண்டி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகள் ஜுவைரியாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் எனக்கும் உன் வாப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்கவேண்டும் என்று ஐந்து வேளையும் கையேந்துகிறேன். தினமும் போனில் பேசிக்கொள்கிறோமே, இந்த உம்மாவுக்குக் கடிதம் எழுத என்ன வந்தது என்று நீ சிரிப்பாய். போனில் பேச உன் வாப்பா எங்கே விடுகிறார், பக்கத்திலேயே நின்றுகொண்டு புள்ள சாப்டுச்சா கேளு, டாக்டர் இன்னா சொன்னாங்க கேளு என்று இடுப்பில் இடிக்கிறார், நான் கடை விஷயத்தை எடுத்தால் கண்ணை உருட்டுகிறார். பக்கத்து வீட்டு மொஹசின் வியாழக்கிழமை தோஹாவுக்கு விமானம் ஏறுகிறான், அவனிடம் பழவேற்காட்டு இறால் கருவாடும் மல்லித்தூளும் கொடுத்தனுப்புகிறேன், அதற்குள்ளேயே இதையும் வைக்கிறேன். மத்தியானம் கடையைப் பூட்டிக்கொண்டு வந்து சாப்பிட்டுவிட்டுக் கண்ணசந்திருக்கிறார், அவர் எழுவதற்குள் எவ்வளவு முடியுமோ அவ்வளவு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வாரம் நீ போனில் சொன்னாயே, ஆளே வராத கடைய வச்சிகினு இன்னா பண்ணப் போறீங்க வாப்பா, மூடிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க, எனக்கு தலைப்பிரசவம் உம்மாவும் நீங்களும் கூட இருக்கணும் என்று. அவர் சரிம்மா என்று சொன்னார், உனக்கும் சந்தோஷமாகப் போயிற்று. அன்றைக்கு ராத்திரி சோற்றைப் பிசைந்து பிசைந்து தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்துவிட்டார் என்பது உனக்குத் தெரியாது. மறுநாளே கடை சொந்தக்காரர் பூவராகவனிடம் போய் வெள்ளிக்கிழமை சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டும் வந்துவிட்டார். பூவராகவனைக் குறை சொல்ல முடியாது, நம் கடையையும் பக்கத்தில் காலியாகக் கிடக்கிற பாத்திரக் கடையையும் சேர்த்து ஒரு பார்சல் கம்பெனி குடோனுக்குக் கேட்கிறது, அவரும் நேரில் வந்து, உங்கள போங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல பாய், நீங்களே ஒரு முடிவு சொல்லுங்க என்றுதான் கேட்டார். அந்த முடிவுக்குத்தான் வெள்ளிக்கிழமை. நீ சொன்னதால் அவர் மூடுகிறார் என்று நீ நினைத்துக்கொள்ளக் கூடாது, அதனால்தான் நடந்ததை எல்லாம் எழுதுகிறேன். எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோகிறது, அப்படி ஒரு பேஜாராக இருக்கிறது இந்த ஒரு வாரமாக.

நீ கடைசியாக வந்துவிட்டுப் போன பிறகு பஜார் தெரு எப்படி ஆகிவிட்டது தெரியுமா. ஸ்டேஷனில் இருந்து பழைய பஸ் நிலையம் வரைக்கும் கால்வாய் தோண்டினார்கள், தோண்டும்போது எந்த ஒயரை அறுத்தார்களோ, தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. மசூதிக்கு எதிரில் ஒரே ஒரு கம்பத்தில் மட்டும் கண் சிமிட்டுகிற மாதிரி எரிந்து எரிந்து அணையும், அதற்கு ஒன்றும் இல்லாமலே இருக்கலாம். நீ பள்ளிக்கூடத்து போட்டோ எடுத்த ஸ்டூடியோ போய்விட்டது, செருப்புக் கடை போய்விட்டது, ஜனங்கள் எல்லாம் ஹைவேயில் புதிதாக வந்த பெரிய கடைக்கு வண்டியைக் கட்டிக்கொண்டு போகிறார்கள், அங்கே ஏசி, அங்கே தள்ளுவண்டி, போகாதவர்கள் வீட்டில் உட்கார்ந்து போனைத் தேய்க்கிறார்கள். அவர்களைச் சொல்வானேன், நீயே எனக்கு ஆன்லைனில் நைட்டி வாங்கி அனுப்பினாய், நைட்டி விற்கிறவர் பெண்டாட்டிக்கு. அந்தப் பார்சல்காரன் வழி தெரியாமல் நம் கடைக்கே வந்து மெஹர்னிசா ஊடு எதுங்க என்று உன் வாப்பாவிடம் கேட்டிருக்கிறான். அதற்கு அவர் ஒரு வாரம் என்னைக் கிண்டல் செய்தார், அப்போதெல்லாம் கிண்டல் செய்கிற மனசு இருந்தது. இவ்வளவு போன பிறகும் தெரு ஓடிக்கொண்டிருந்தது என்றால் அது சிப்காட் கம்பெனிப் பெண்களால்தான். சாயங்காலம் கம்பெனி பஸ் தெருமுனையில் திரும்பி நிற்கும், பெண்கள் கும்பலாக இறங்கி ஹாஸ்டலுக்கு நம் தெரு வழியாகத்தான் நடப்பார்கள். பாக்கியராஜ் பேக்கரியில் பன்னும் டீயும், மருந்துக் கடையில் தலைவலி மாத்திரை, நம் கடையில் கிளிப்பு, உள்பாவாடை, துண்டு, ஊக்கு, ஏதாவது ஒன்று வாங்காமல் போகமாட்டார்கள். கடைகளின் போர்டு வெளிச்சத்தில்தான் அந்தப் பிள்ளைகள் சேறு பார்த்துக் கால் வைப்பார்கள்.

உன் வாப்பா வியாபாரிகள் சங்கச் செயலாளர் இல்லையா, தெருவிளக்குக்காகப் பேரூராட்சி ஆபீசில் மனு மேல் மனு கொடுத்தார். ஒருநாள் சாயங்காலம் பார்வையிட ஒருவர் வந்தார், பாக்கியராஜ் கடையில் டீ குடித்தார், தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தார், நல்லா வெளிச்சமாத்தான கீது, இன்னும் இன்னா வேணும் உங்களுக்கு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், புகார் முடிந்தது என்று போனில் மெசேஜும் வந்துவிட்டது. அத்தனை வெளிச்சமும் கடைக்காரர்கள் கரண்டு பில் கட்டிப் போட்ட வெளிச்சம் என்று அவருக்கு உறைக்கவே இல்லை. உன் வாப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. மறுபடியும் மனு கொடுத்து, வியாழக்கிழமை சாயங்காலம் வந்து பார்க்கிறோம் என்று அவர்கள் சொன்னதும், சங்கத்தைக் கூட்டி, அன்னிக்கு ஒருத்தரும் போர்டு லைட்டு போடக் கூடாது, உள்ளயும் ஒத்த பல்புதான், இருட்டு இன்னான்னு அவர் கண்ணால பாக்கட்டும் என்று சொல்லிவிட்டார். தீபாவளி நன்கொடைக்குக்கூட ஒன்றுசேராத கடைக்காரர்கள் இதற்கு ஒன்றாகச் சேர்ந்தார்கள், அதுதான் எனக்கு இன்னமும் ஆச்சரியம்.

போன மாதம் அந்த வியாழக்கிழமை தெருவே கும்மிருட்டாகிவிட்டது. சூரியன் சாய்ந்து மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள், உன் வாப்பா தினமும் செய்கிற மாதிரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மசூதிக்குத் தொழப் போனார். தொழுகைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று அதற்கு அர்த்தம், உனக்குத் தெரியாததா. ஆனால் இருட்டில் மற்றவர்கள் அதைப் பார்த்துவிட்டு, பாய் ஷட்டரையும் இறக்கிட்டாரு, அதுவும் பிளான்ல கீது போல என்று நினைத்து, ஆளாளுக்குப் பாதி ஷட்டரை இறக்கிவிட்டார்கள். பாக்கியராஜும் இறக்கினார், மருந்துக் கடைக்காரரும் இறக்கினார், பழக்கடைக்காரர் ஷட்டர் இல்லாததால் சாக்கை இழுத்துப் போட்டார். தெருவில் எல்லாரும் ஷட்டரைப் பாதி இறக்கினால் நம் ஊரில் அது எதற்கு என்று உனக்கே தெரியும், யாரோ பெரிய மனிதர் போய்விட்டார், பிணம் வருகிறது என்றுதான். சரியாக அந்த நேரம் பார்த்துக் கம்பெனி பஸ் வந்திருக்கிறது. டிரைவர் ராஜமாணிக்கம் தெருமுனையில் நின்று பார்த்திருக்கிறார், விளக்கு இல்லை, எல்லாக் கடையும் பாதி மூடிக் கிடக்கிறது, ஏதோ துஷ்டி, கலாட்டா ஆனாலும் ஆகும், பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நமக்கு எதற்கு வம்பு என்று வண்டியைத் திருப்பாமல் நேரே கொண்டுபோய் ஹைவே மேம்பாலத்தின் கீழே இறக்கிவிட்டுப் போய்விட்டார். பார்வையிட வரவேண்டியவர் வரவே இல்லை. அன்றிலிருந்து பஸ்ஸும் வரவில்லை.

முதலில் இது யாருக்கும் புரியவில்லை. ஒருநாள் வராது, இரண்டு நாள் வராது, அப்புறம் வந்துவிடும் என்று பாக்கியராஜ் பன் போட்டுப் போட்டு எடுத்து வைத்தார், கடைசியில் ஆட்டுக்குப் போட்டார். கம்பெனிக்காரன் வழியை மாத்திட்டான் என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் எந்த நாளில் இருந்து வரவில்லை என்று எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது, பழி முழுக்க உன் வாப்பா தலையில் விழுந்தது. பாக்கியராஜ் எத்தனை வருஷப் பழக்கம், அவரே பத்துப் பேருக்கு முன்னால், பாய் லைட்ட அணைக்கச் சொன்னாரு, அதோட எங்க அடுப்பும் அணஞ்சிபோச்சு என்று சொல்லியிருக்கிறார். உன் வாப்பா செயலாளர் வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அன்றிலிருந்து போர்டு லைட்டையும் போடுவதில்லை, யாருக்காகப் போட என்கிறார், ஆள் வராத தெருவுக்குக் கரண்டு பில் எதற்கு என்று மற்ற கடைக்காரர்களும் போடுவதை விட்டுவிட்டார்கள். நீ ஏழு மணிக்குக் கூப்பிட்டால் முதல் மணியிலேயே எடுக்கிறாரே, அது உன்மேல் இருக்கிற பாசம் மட்டும் இல்லை கண்ணு, மசூதியில் இருந்து வந்து அந்த நேரத்தில் போனையே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார். முன்னே அந்த நேரத்தில் நீ கூப்பிட்டால் கடையில ஆள் கீறாங்கம்மா, அப்பால பேசறேன் என்று வைத்துவிடுவார், நீகூடக் கோபித்துக்கொள்வாய்.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்வரி என்று ஒரு பெண் நம் வீட்டைத் தேடி வந்தாள். திருவாலங்காட்டுப் பிள்ளை, கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் இருக்கிறாள், நம் கடையில் வழக்கமாக வாங்குகிறவள். மேம்பாலத்தில் இருந்து நடந்து வரும்போது இருட்டில் பள்ளத்தில் கால் வைத்துக் கணுக்கால் வீங்கிப்போயிருந்தது, காலுக்குச் சுற்றுகிற துணிப்பட்டை கடையில் இருக்கிறதா என்று கேட்க வந்தவள், கடை பூட்டியிருப்பதைப் பார்த்து வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவள்தான் சொன்னாள், யாரோ பெரிய ஆளு செத்துட்டாருன்னு கடையெல்லாம் மூடினாங்களே பாயம்மா, அப்பால கடைங்க சரியா தெறக்கறதே இல்லன்னு ராஜமாணிக்கம் அண்ணன் சொன்னாரு, அதான் எங்கள அங்க எறக்கிவுடறாரு என்று. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், அந்தப் பெண் பயந்தே போனாள். சிரித்து முடித்த பிறகுதான் விஷயம் உறைத்தது. கம்பெனிக்காரனும் வழியை மாற்றவில்லை, ஒருவனும் மாற்றவில்லை, சாவும் இல்லை ஒன்றும் இல்லை. எல்லா ஆபீசுக்கும் மனு கொடுக்கத் தெரிந்த நம் ஆண்பிள்ளைகளில் ஒருத்தருக்கும் அந்த டிரைவரிடம் போய் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே, எனக்கு அவ்வளவு ஆத்திரமாக வந்தது.

நேற்று நானே போனேன். உன் வாப்பாவிடம் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டார். ஈஸ்வரி சொன்ன நேரத்துக்கு மேம்பாலத்தின் கீழே போய் நின்றேன், லாரி போகிற போக்கில் முகமெல்லாம் மண், புர்கா எல்லாம் மண். பஸ் வந்ததும் கதவண்டை போய், ஏம்பா, எங்க தெருவுல யாரும் சாவலப்பா, நாங்கல்லாம் உசுரோடதான் கீறோம், நீ ஏன் வரமாட்டேங்கற என்று கேட்டேன். ராஜமாணிக்கத்துக்கு ஒன்றும் புரியவில்லை, விவரம் சொன்னதும் ஸ்டீரிங்கில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் பிடிகொடுக்கவில்லை. இங்க எறக்கினா எனக்கு திருப்பற வேல மிச்சம் பாயம்மா, ஆனா இந்தப் புள்ளைங்க இருட்டுல நடக்கறது எனக்கும் கஷ்டமாத்தான் கீது, புதங்கெழம வந்து பாக்கறேன், தெரு பளிச்சுன்னு இருந்தா திருப்பறேன், போன வாட்டி மாதிரி இருட்டா கெடந்தா நேரா போய்க்கினே இருப்பேன், அப்பால என்னை யாரும் கேக்கக் கூடாது என்றார்.

இன்று காலை நாஷ்டா முடித்துவிட்டுக் கடை கடையாக ஏறி இறங்கினேன். எல்லாரும் உட்காரச் சொன்னார்கள், டீ கொடுத்தார்கள், கதையைக் கேட்டுச் சிரித்தார்கள், லைட்டு போடுங்கள் என்றதும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார்கள். பாக்கியராஜ் சொன்னார், பாய் பேச்ச கேட்டு அணைச்சோம், இப்போ பாய் மொதல்ல போடட்டும், அவர் போர்டு எரிஞ்சா என்னுது எரியும். மருந்துக் கடையிலும் அதையேதான் சொன்னார்கள். நான் என்ன செய்வேன் சொல். பஸ் வருகிறது மஃரிபு நேரத்தில், அந்த நேரத்துக்கு உன் வாப்பா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போய்விடுவார், எனக்குத் தெரிந்து அவர் ஊரில் இருக்கிற நாளில் மசூதியில் மஃரிபு தவறியது கிடையாது, ஜுரத்தோடுகூடப் போயிருக்கிறார். தொழப் போகாதீர்கள் என்று நான் எந்த வாயால் சொல்வது, ராஜமாணிக்கம் சொன்னதை மட்டும் சாப்பிடும்போது சொன்னேன். என் பேச்ச கேட்டு அணைச்சவங்க என் பேச்ச கேட்டு போடுவாங்களா, வுடு மெஹரு, வெள்ளிக்கெழம சாவி குடுக்கப் போறோம் என்று கையைக் கழுவப் போய்விட்டார். இதோ புரண்டு படுக்கிறார், மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை. மொஹசின் பெட்டி கட்ட அவசரப்படுத்துகிறான், அதனால் வேகமாக எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை, கடைக்கே போய்விட்டேன். உன் வாப்பா என்னைப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். எதிரில் பாக்கியராஜ் கல்லாவில் உட்கார்ந்து நம் கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாங்கு சொன்னார்கள். உன் வாப்பா தொப்பியைப் போட்டுக்கொண்டார், ஷட்டர் இழுக்கிற கொக்கிக் கம்பியைக் கையில் எடுத்தார், வாசல்வரைக்கும் போனார், தெருவை ஒருதரம் பார்த்தார். அல்லாஹ் அறிய நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படியே திரும்பி வந்தார், கம்பியை மூலையில் சாத்தினார், போர்டு சுவிட்சைத் தட்டினார், உள்ளே நைட்டி பண்டல்களைத் தள்ளிவிட்டு இடம் பண்ணித் தொழுகைப் பாயை விரித்தார், ஷட்டர் முழுசாகத் திறந்தபடியே கடைக்குள் நின்று தக்பீர் கட்டித் தொழ ஆரம்பித்துவிட்டார். உன் பெயர் போட்ட போர்டு எத்தனை நாளுக்குப் பிறகு எரிந்தது, பூச்சிகூட வழி மறந்துபோய் மெதுவாகத்தான் வந்தது. நான் வாசலில் நின்று அழுதுவிட்டேன், இதிலே வெட்கப்பட என்ன இருக்கிறது. பாக்கியராஜ் போர்டு எரிந்தது, மருந்துக் கடை எரிந்தது, பழக்கடைக்காரர் எமர்ஜென்சி லைட்டைத் தூக்கிக் கம்பியில் மாட்டினார்.

பஸ் வந்தது. மெதுவாக வந்து தெருமுனையில் நின்றது, போய்விடப் போகிறது என்றே நினைத்தேன், அப்புறம் திரும்பியது. முன்னே இறங்குகிற கும்பலில் பாதிகூட இல்லை, மற்றவர்கள் மேம்பாலம் பக்கத்திலேயே வேறு ஹாஸ்டல் பார்த்துக்கொண்டு போய்விட்டார்களாம், இனி அவர்கள் வரமாட்டார்கள். இறங்கியவர்களில் ஈஸ்வரி காலைச் சாய்த்துச் சாய்த்து நம் கடைக்குள் வந்தாள், கூட இரண்டு மூன்று பிள்ளைகள். உன் வாப்பா தொழுதுகொண்டிருந்ததால் நான்தான் எடுத்துக் கொடுத்தேன், பதற்றத்தில் துணிப்பட்டைக்குப் பதில் பாவாடை நாடாவை எடுத்து நீட்டினேன், பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் தொழுது முடித்து வலப்பக்கம் ஸலாம் சொன்னார், இடப்பக்கம் திரும்பும்போதுதான் கடையில் ஆள் நிற்பதைப் பார்த்தார். அந்த முகத்தை நான் எப்படி எழுதிக் காட்டுவேன் ஜுவைரியா.

இன்று காலை பூவராகவனிடம் போய், சாவி இப்ப குடுக்க முடியாது, கொஞ்ச நாள் பாக்கறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இது நிலைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். தெருவிளக்கு ஒன்றையும் இன்னும் சரிபண்ணவில்லை, பார்வையிட வருகிறவர் இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறார், ராஜமாணிக்கத்துக்கு மனசு மாறினால் பஸ் மறுபடியும் நேரே போய்விடும், ஹைவே கடை எங்கேயும் போய்விடாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்த பிறகு மூடிவிட்டு வாருங்கள் என்று நான் கூப்பிடமாட்டேன், நீயும் கூப்பிடாதே. அவர் இல்லாமல் போர்டு எரியாது, அவர் போர்டு எரியாவிட்டால் மற்றதும் எரியாது. அதனால் மாப்பிள்ளையிடம் சொல், இரண்டு பேருக்கு விசா கேட்கவேண்டாம், எனக்கு மட்டும் போதும். மக்காவுக்கு உம்ரா போக எடுத்த பாஸ்போர்ட் பீரோவில் இருக்கிறது. நான் தனியாக விமானம் ஏறியது இல்லை, பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் உன் பிரசவத்துக்கு உன் உம்மா பக்கத்தில் இருப்பேன். வாப்பா இல்லையே என்று நீ அழுவாய், எனக்கும் அந்த வருத்தம் உண்டு, அதை மறைக்கவில்லை.

கருவாட்டை ஃப்ரிட்ஜில் வை, வறுக்கும்போது ஜன்னலைத் திறந்துவிடு, பக்கத்து ஃபிளாட்டுக்காரி சண்டைக்கு வரப்போகிறாள். கனமான எதையும் தூக்காதே, மாப்பிள்ளையிடம் சொல்லித் தூக்கச் சொல். ஏசிக்கு நேராகப் படுக்காதே. மாப்பிள்ளைக்கு எங்கள் ஸலாம். அல்லாஹ் உனக்குச் சுகப் பிரசவத்தையும் சாலிஹான, நல்ல குணமுள்ள பிள்ளையையும் தருவானாக, ஆமீன்.

ஒன்று மட்டும் மறக்காதே. இனிமேல் ஏழு மணிக்குப் போன் செய்யாதே, வாப்பா எடுக்கமாட்டார். அந்த நேரத்தில் கடையில் ஆள் இருக்கும்.

உன் பிரியமுள்ள உம்மா
அ. மெஹர்னிசா